பத்து நாள் தெற்கு யூஸ்ட் தீவுல எடுத்த படத்துல ஆளே இல்ல, செப்டம்பர்ல மறுபடி போறேன், வழி சொல்லுங்க

வெளிச்சம்தேடி | ஜூன் 19

எல்லாருக்கும் வணக்கம். ஸ்காட்லாந்துக்கு மேற்க அவுட்டர் ஹெப்ரிடீஸ்ல தெற்கு யூஸ்ட்னு ஒரு தீவு, அங்க பத்து நாள் தங்கி படம் எடுத்துட்டு போன வாரம்தான் வந்தேன். மொத்தம் 1,400 படம். ரெண்டு நாளா உக்காந்து பாத்துட்டே இருக்கேன், மனசு சரியா இல்ல. ஒவ்வொண்ணா பாத்தா நல்லா இருக்கு, வெள்ளை மணல், பச்சை கலந்த நீலத்துல கடல், பின்னாடி பென் மோர் மலை, மேகம். ஆனா வரிசையா போட்டு பாத்தா யாருமே குடியில்லாத தீவு மாதிரி இருக்கு. 1,400ல மனுஷ முகம் தெரியிற படம் பதினொண்ணு, அதுலயும் நாலு ஃபெர்ரில வரும்போது எடுத்தது.

நான் பாத்த தீவு அப்படி இல்ல. தினம் காலைல ஒரு பெரியவர் நாலு சக்கர க்வாட் பைக்ல பின்னாடி நாய உக்கார வச்சுட்டு போவார், என்னைப் பாத்து ஒரு விரல மட்டும் தூக்கி காட்டிட்டு போவார். நான் தங்கியிருந்த வீட்டுக்கு எதிர்ல ஒரு அம்மா காத்துல துணி காயப்போட சண்டை போட்டுட்டு இருப்பாங்க. சாயங்காலம் பசங்க படகுத்துறைல மீன்பிடி வலைக்கூண்டு மேல ஏறி குதிப்பாங்க. இதெல்லாம் கண்ணுல அப்படியே இருக்கு, கார்டுல ஒண்ணும் இல்ல. கேமராவ தூக்க கை வரல. ஒரு தடவை தூரத்துல நின்னு 200 எம்எம் லென்ஸ்ல அந்தப் பெரியவர எடுத்தேன், வீட்டுக்கு வந்து பாத்தா எதையோ எடுத்துட்டு ஓடி வந்த மாதிரி இருந்துச்சு, டெலீட் பண்ணிட்டேன்.

செப்டம்பர்ல ரெண்டு வாரம் மறுபடி போறேன், டிக்கெட் போட்டாச்சு. இந்த தடவை நிலமும் ஆளுங்களும் சேர்ந்து வரணும். எப்படி ஆரம்பிக்கிறதுனு போய்ட்டு வந்தவங்க சொல்லுங்க. போன தடவை எடுத்ததுல கொஞ்சம் நம்பர் போட்டு இங்க போட்டிருக்கேன்.


ஐஎஸ்ஓ_நூறு | ஜூன் 19

ப்ரோ, முதல்ல அந்தப் படத்த டெலீட் பண்ணிருக்க வேண்டாம். பிரிட்டன்ல பொது இடத்துல நின்னு ஆளுங்கள எடுக்க யார்கிட்டயும் பர்மிஷன் வாங்கணும்னு சட்டம் இல்ல. 70-200 டெலி லென்ஸ், அதான் தூரத்துல இருக்கிறத கிட்ட காட்டுறது, அத போட்டு தள்ளி நின்னு எடுங்க, அவங்க வேலையும் கெடாது, முகமும் இயல்பா வரும். கிட்ட போய் 35 எம்எம் லென்ஸ்ல எடுத்தா எல்லாரும் விறைச்சு நிப்பாங்க. என் கருத்து இதுதான்.


உப்புக்காத்து | ஜூன் 20

நான் அந்தப் பக்கத் தீவுகளில ரெண்டு வருஷம் பராமரிப்பு வேலை செய்தனான், அதால எழுதிறன். சட்டம் நீங்க சொன்ன மாதிரித்தான் தம்பி, பிழை இல்லை. ஆனா தெற்கு யூஸ்ட்டில 2011 கணக்கெடுப்பில மொத்தம் 1,754 பேர். இண்டைக்கு நீங்க தள்ளி நிண்டு எடுத்த ஆளை நாளைக்கு கடையில பால் வாங்கேக்க காணுவீங்க, அடுத்த நாள் அவற்ற தங்கச்சியிட்டத்தான் தபால் குடுப்பீங்க. நகரத்தில தெருப்படம் எடுக்கிறது வேற, அங்க ஒருத்தரும் ஒருத்தருக்கும் தெரியாத ஆள் இல்லை.

என்னோட வேலை செய்த ஒரு அக்கா, துணி காயப்போடேக்க யாரோ ரோட்டில காரை நிப்பாட்டிப் படம் எடுத்தவையாம், பிறகு அந்தப் படத்தை ஒரு வாழ்த்து அட்டையில கண்டவ. முகம் வடிவா தெரியேல்ல எண்டாலும் அது அவவின்ர போர்வை, அவவின்ர வீட்டுக் கதவு. "கேட்டிருந்தா நல்ல போர்வையா போட்டிருப்பனே" எண்டு மட்டும்தான் சொன்னவ. கோவம் இல்லை, மனவருத்தம். எனக்கு அதுதான் இப்பவும் நினைவில நிக்குது.

கேளுங்கோ. அவ்வளவுதான். முதல் நாளே கமெராவோட போய்க் கேக்காதேங்கோ, முதல் ரெண்டு மூண்டு நாள் கமெராவைப் பையில வச்சுக்கொண்டு நடவுங்கோ, கதையுங்கோ. நீங்க ஆர், எங்க நிக்கிறீங்க, எத்தினை நாள் எண்டு அவையளே கேப்பினம். மூண்டாம் நாள் நீங்க ஆரெண்டு ஊருக்கே தெரியும். பிள்ளையளை எடுக்கிறதெண்டா தாய் தகப்பனைக் கேக்காமல் எடுக்கவே கூடாது, படகுத்துறையில குதிக்கிற பிள்ளையள் எண்டாலும்.

இன்னொண்டு, கார். அங்க ரோட்டுக்கள் கனக்க ஒற்றைத் தடம், எதிர்ல வாற வண்டிக்கு வழிவிட இடைக்கிடை அகலமான இடம் இருக்கும். படம் எடுக்கிற ஆக்கள் கனபேர் அந்த இடத்தில காரை விட்டிட்டு ட்ரைபொட்டோட இறங்கிப் போயிடுவினம். அம்புலன்ஸ் வாற ரோட்டும் அதுதான். நான் வேலைக்குப் பிந்திப் போனதில பாதி இதாலதான்.


நிழல்குடை | ஜூன் 20

உப்புக்காத்து சொன்னதோட நானும் நிக்கிறேன். ஆனா வெளிச்சம்தேடி, உங்க கேள்விக்கு முன்னாடி ஒண்ணு சொல்லணும், கொஞ்சம் நீளமா போகும்.

உங்க படத்துல "ஆளே இல்ல"னு சொல்றீங்க. நீங்க போட்ட அந்த ஏழாவது படம், பூக்காடு, மஞ்சளும் வெள்ளையும் சிவப்பும் கடல்வரைக்கும் விரிஞ்சு கிடக்கே, அதுல ஆள் இருக்காங்க. அந்த நிலத்துக்கு மஹேர்னு பேரு, கேலிக் மொழி வார்த்தை. ஸ்காட்லாந்து அயர்லாந்து மேற்குக் கரை தவிர உலகத்துல வேற எங்கயும் இல்லாத நிலம். கடல்ல சிப்பி சங்கு எல்லாம் உடைஞ்சு பொடியாகி மணலா கரைக்கு வரும், அத மேல்காத்து தூக்கி உள்ள கொண்டுபோய் கொட்டும், பல ஆயிரம் வருஷமா. உங்க கடல் அந்த நிறத்துல தெரியறதும் அடியில கிடக்கிற அதே வெள்ளை மணலாலதான். ஆனா மணல் வந்து விழுந்துட்டா மட்டும் பூ வந்துடாது. குளிர்காலத்துல கரை ஒதுங்கின கடல்பாசிய அள்ளிட்டு வந்து நிலத்துல பரப்பி, லேசா உழுது, சின்ன ரக ஓட்ஸ், ரை, bere (பேர்)னு சொல்ற ஒரு பழைய பார்லி ரகம் எல்லாம் விதைக்கிறாங்க. ஒரு ரெண்டு வருஷம் பயிர், அப்புறம் ரெண்டு மூணு வருஷம் தரிசா விடறது. அந்த தரிசுலதான் உங்க பூ எல்லாம் வருது. வருஷா வருஷம் உழுது விடற ஆள் நிறுத்திட்டா அந்தப் பூக்காடு இப்படி இருக்காது. அது காட்டுப்பூ இல்ல, வயல்.

அடுத்தது உங்க பதினாறாவது படம், சாயங்கால வெளிச்சத்துல மலைச்சரிவு. பெருசு பண்ணி பாருங்க, சரிவுல சீப்பு வாரின மாதிரி கோடு கோடா தெரியுதா? அதெல்லாம் மேட்டுப்பாத்தி. இங்கிலீஷ்ல அதுக்கு "சோம்பேறிப் பாத்தி"னு பேர் வச்சுட்டாங்க, எனக்கு அந்தப் பேரே பிடிக்காது, ஏன்னா சதுப்பு நிலத்துல கையால மண்ண வெட்டி ரெண்டு பக்கமும் வாரி நடுவுல போட்டு, கடல்பாசிய முதுகுல சுமந்து மேல ஏத்தி, அதுல உருளைக்கிழங்கு போட்டவங்க சோம்பேறி இல்ல. ஏன் அவ்வளவு மோசமான சரிவுல போய் போட்டாங்கன்னா நல்ல நிலத்த விட்டு விரட்டினதால. 1838 வாக்குல கர்னல் ஜான் கார்டன்னு ஒரு பணக்காரர் தீவ விலைக்கு வாங்கினார். உருளைக்கிழங்கு நோய் வந்து பஞ்சம் வந்தப்ப, ஆடு மேய்ச்சா லாபம்னு ஆளுங்கள வெளிய அனுப்ப ஆரம்பிச்சாங்க. 1851ல மட்டும் ஆயிரத்துக்கு மேல ஆளுங்கள கப்பல்ல ஏத்தி கனடாவுக்கு அனுப்பினாங்க, போகமாட்டேன்னு மலைல ஓடி ஒளிஞ்சவங்கள பிடிச்சு கட்டி ஏத்தினதா பாத்தவங்க சொன்ன பதிவு இருக்கு. க்ராஃப்ட்னு சொல்ற அந்த சின்னக் குத்தகை நிலத்துல இருந்து யாரையும் இஷ்டத்துக்கு வெளியேத்த முடியாதுனு சட்டம் வந்தது 1886லதான்.

அதனால "ஆள் இல்லாத அழகான நிலம்"னு நாம எடுக்கிற படம், ஆள துரத்தினதால கிடைச்ச படமாவும் இருக்கலாம். இத நான் உங்கள குத்தம் சொல்ல எழுதல. எனக்கே இது தெரியாம அஞ்சு வருஷம் எடுத்துட்டு இருந்தேன். தெரிஞ்சதுக்கு அப்புறம் நான் நிக்கிற இடம் மாறிடுச்சு. இப்ப பாத்தி தெரியணும்னா மத்தியானம் போகமாட்டேன், சூரியன் தாழ்ந்து பக்கவாட்டுல வரும்போதுதான் போவேன், அப்பதான் ஒவ்வொரு மேட்டுக்கும் நிழல் விழும். செப்டம்பர் கடைசில அங்க மத்தியானமே சூரியன் 33 டிகிரி உயரம்தான் ஏறும், டிசம்பர்ல ஒன்பது டிகிரி சொச்சம். நீங்க போறது நல்ல நேரம். புல்லும் அப்ப காய ஆரம்பிச்சிருக்கும், கோடு இன்னும் தெளிவா வரும்.


வெளிச்சம்தேடி | ஜூன் 20

அக்கா, பதினாறாவது படத்த இப்ப நூறு பர்சென்ட்ல திறந்து பாத்தேன். கோடு தெரியுது. கீழ மூலைல ஒரு கல்லுச்சுவர் மாதிரியும் இருக்கு, நான் பாறைனு நினைச்சு க்ராப் பண்ணலாம்னு இருந்தேன். இன்னைக்கு வேற எதுவும் எழுத தோணல.


பழைய_பிலிம் | ஜூன் 21

இந்த இழைல ரெண்டு பேர பத்தி சொல்லியே ஆகணும், ரெண்டு பேரும் இதே தீவுல வேலை செஞ்சவங்க.

ஒருத்தர் பால் ஸ்ட்ராண்ட். நியூயார்க் புகைப்படக்காரர், 1890ல பொறந்தவர், 1954ல தெற்கு யூஸ்ட் வந்து மூணு மாசம் தங்கி எடுத்தார், புத்தகமா 1962ல வந்துச்சு. அவர் எடுத்த முகங்கள பாருங்க, எல்லாரும் கேமராவ நேரா பாக்கறாங்க. பின்னாடி கதவு, கல்லுச்சுவர், மரப்பலகை. ஐஎஸ்ஓ_நூறு சொன்னாரே விறைச்சு நிப்பாங்கனு, ஆமா, நிக்கறாங்க, ஆனா அது பயந்த விறைப்பு இல்ல. "எடுக்கிறியா, சரி, எடு, நான் இப்படித்தான் இருப்பேன்"னு நிக்கிற நிலை. எனக்கு அந்த நேர்ப்பார்வை ஒளிஞ்சு எடுத்த ஆயிரம் "இயல்பான" படத்த விட உசத்தி. அதே புத்தகத்துல அடுத்த பக்கம் திருப்பினா அலை, பாசி, பாறை. முகத்துல இருக்கிற கோடும் பாறைல இருக்கிற கோடும் ஒண்ணா பேசும். வெளிச்சம்தேடி கேட்ட "நிலமும் ஆளும் சேர்ந்து"க்கு ஒரே ஃப்ரேம்லதான் ரெண்டும் வரணும்னு இல்ல, வரிசைலயும் வரலாம்.

இன்னொருத்தர் மார்கரெட் ஃபே ஷா. அமெரிக்காவுல பொறந்தவங்க, 1903. சின்ன வயசுல சைக்கிள்லயே ஹெப்ரிடீஸ் சுத்தினவங்க, அப்புறம் 1929ல தெற்கு யூஸ்ட் வந்து க்ளெண்டேல்னு ஒரு ஓரத்துல ரெண்டு அக்கா தங்கச்சி இருந்த வீட்டுலயே குடியேறி ஆறு வருஷம் இருந்தாங்க. கேலிக் கத்துக்கிட்டாங்க, பாட்ட எல்லாம் கேட்டு எழுதினாங்க, நடுநடுவுல படம் எடுத்தாங்க. பாட்டுக்குதான் போனாங்க, படம் கூட வந்துச்சு. ஆடு மயிர் கத்தரிக்கிறது, பீட் (அடுப்பெரிக்க வெட்டி காயவைக்கிற சதுப்பு மண்) வெட்டறது, அந்த ரெண்டு பேர் சிரிக்கிறது, எல்லாம் வீட்டு ஆள் எடுத்த மாதிரி இருக்கும். 1938ல கணவரோட கான்னா தீவுக்கு போயிட்டாங்க, 2004ல தன்னோட 101 வயசுல இறக்குற வரைக்கும் அதுதான் வீடு. அவங்க படமெல்லாம் அங்க அவங்க வாழ்ந்த கான்னா ஹவுஸ் தொகுப்புல இருக்கு.

ஸ்ட்ராண்ட் படம் பிரம்மாண்டம், மறுக்கல. ஆனா எனக்கு ஷாவோட படம்தான் நெருக்கம். மூணு மாசத்துக்கும் ஆறு வருஷத்துக்கும் உள்ள வித்தியாசம் முகத்துல தெரியுது.


ஐஎஸ்ஓ_நூறு | ஜூன் 21

சரி, ஸ்ட்ராண்ட் பாயிண்ட் ஏத்துக்கறேன். ஆனா டெலிய மொத்தமா ஒதுக்காதீங்க. ஆடு ஓட்டிட்டு வரும்போது நடுவுல போய் 35 வச்சுட்டு நின்னா ஆடு சிதறிடும், நாய் குழம்பிடும். தெரிஞ்சு, கேட்டுட்டு, தூரத்துல இருந்து எடுக்கறதும் மரியாதைதான்.

அப்புறம் வெளிச்சம்தேடிக்கு ஒரு யோசனை. அங்க பழைய கூரை வீடு, பீட் வெட்டற பழைய கருவி எல்லாம் இன்னும் இருக்குமே. யாராவது வயசானவர்கிட்ட பழைய உடுப்பு போட்டு வெட்டிக் காட்ட சொன்னா அருமையான ப்ளாக் அண்ட் வொய்ட் சீரீஸ் கிடைக்கும்.


நிழல்குடை | ஜூன் 21

ஆடு விஷயம் சரி, நானும் அப்ப 135தான் போடுவேன்.

ரெண்டாவது வேண்டாம். இத ஒருத்தர் ஏற்கெனவே பெரிய அளவுல செஞ்சு பாத்துட்டார். ராபர்ட் ஃப்ளாஹர்ட்டி அயர்லாந்து அரன் தீவுகள்ல எடுத்து 1934ல வந்த சினிமாவுல, சொந்தமே இல்லாத தீவுக்காரங்கள சேர்த்து ஒரு குடும்பமா காட்டினார். அந்த ஜனங்க பல பத்து வருஷத்துக்கு முன்னாடியே விட்டுட்ட சுறா வேட்டைய, அவங்களுக்கே மறுபடி கத்துக்குடுத்து கொந்தளிக்கிற கடல்ல இறக்கினார். படம் கண்ண பறிக்கும். ஆனா உலகம் அந்தத் தீவ இன்னும் அந்த வேட்டையோடதான் நினைக்குது.

இப்ப அங்க பீட் வெட்டறவங்க ட்ராக்டர்லதான் ஏத்திட்டு வர்றாங்க, ஃப்ளீஸ் ஜாக்கெட்தான் போடறாங்க, ஃபோன்ல வானிலை பாக்கறாங்க. அதுதான் இன்னைக்கு வாழ்க்கை. 2006ல அந்த ஜனங்க சேர்ந்து எஸ்டேட்டையே விலைக்கு வாங்கினாங்க, தெற்கு யூஸ்ட், பக்கத்துத் தீவுகளான எரிஸ்கே, பென்பெக்யூலால ஒரு பகுதி எல்லாம் சேர்த்து 93,000 ஏக்கர். அதாவது நீங்க நிக்கிற மஹேர் இன்னைக்கு அவங்க நிலம். இத்தனை நடந்ததுக்கு அப்புறம் அவங்கள 1930 உடுப்புல நிக்க வைக்கிறது எனக்கு வலிக்கும். க்வாட் பைக்ல நாய வச்சுட்டு போற பெரியவரே போதும்.


ஐஎஸ்ஓ_நூறு | ஜூன் 22

புரியுது அக்கா. வாபஸ். அந்த சுறா விஷயம் நிஜமாவே எனக்கு தெரியாது, நிஜ வேட்டைனுதான் இத்தனை நாள் நினைச்சுட்டு இருந்தேன்.


கூடுபார்ப்பவன் | ஜூன் 23

பறவை பக்கம் யாரும் தொடல, நான் சொல்லிடறேன். மே ஜூன்ல மஹேர்ல நடக்கும்போது பாதைய விட்டு இறங்காதீங்க. ஆட்காட்டி, சிப்பிபிடிப்பான், டன்லின், பவளக்கால் உள்ளான் எல்லாம் தரைலதான் முட்டை வைக்குது, மணலோட மணலா இருக்கும், மிதிச்சாதான் தெரியும். ஒரு பறவை தலைக்கு மேல கத்திட்டு சுத்துதுன்னா நல்ல படம் கிடைக்குதுனு நிக்காதீங்க, கூடு உங்க காலடிலனு அர்த்தம், வந்த வழியே திரும்புங்க.

கார்ன்க்ரேக்னு ஒண்ணு இருக்கு, ராத்திரில சீப்ப நகத்தால உரசின மாதிரி கத்தும், பிரிட்டன்ல பெரும்பாலும் இந்த மேற்குத் தீவுகள்லதான் மிச்சம். அது 1981 வனவிலங்கு சட்டத்துல முதல் அட்டவணைல இருக்கு, கூட்டுக்கிட்ட தொந்தரவு பண்ணா குத்தம். தங்கக் கழுகு, வெள்ளைவால் கடற்கழுகும் அப்படித்தான். ஃபோன்ல அதோட குரல போட்டு வெளிய வரவைக்கிறத தயவுசெஞ்சு பண்ணாதீங்க, போட்டி ஆண் வந்துடுச்சுனு அது இருக்கிற இடத்த விட்டு வெளிய வந்து சண்டைக்கு நிக்கும். இந்தப் பறவை அங்க பிழைச்சு கிடக்கிறதுக்கும் க்ராஃப்ட் வச்சிருக்கவங்கதான் காரணம், குஞ்சு ஓடற வரைக்கும் புல் அறுப்பத தள்ளிப்போட்டு, அறுக்கும்போதும் நடுவுல ஆரம்பிச்சு வெளிய வெளிய அறுத்துட்டு வருவாங்க, குஞ்சு ஓரத்துக்கு தப்பிச்சு ஓட வழி இருக்கட்டும்னு. அந்த அறுப்ப ஒரு படமா எடுங்களேன், மேல இருந்து பாத்தா வட்டம் வட்டமா இருக்கும்.

ட்ரோன்னா 120 மீட்டருக்கு மேல போகக்கூடாது, ஆபரேட்டர் பதிவு வேணும், அதோட அங்க ஏவுகணை சோதனைத் தளம் ஒண்ணு 1950கள்ல இருந்து இருக்கு, அது வேலை செய்யிற நாள்ல வான்பகுதி மூடிடுவாங்க. முன்னாடியே பாத்துக்கோங்க.


வெளிச்சம்தேடி | ஜூன் 23

நன்றிங்க. ட்ரோன் எடுத்துட்டு போகல, போகவும் போறதில்ல. காத்த பத்தி கேக்கணும். போன தடவை ட்ரைபாட் வச்சு எடுத்த லாங் எக்ஸ்போஷர்ல, அதான் ஷட்டர ரொம்ப நேரம் திறந்து வச்சு எடுக்கிறதுல, பாதி ஆடிப்போச்சு. லென்ஸ்ல உப்பு வேற படிஞ்சு எல்லாம் மங்கல்.


பழைய_பிலிம் | ஜூன் 24

சுருக்கமா சொல்றேன். நடுத்தண்ட ஏத்தாதீங்க, கால விரிச்சு தாழ வைங்க, நீங்களும் காத்து வர்ற பக்கம் உக்காந்து மறைச்சுக்கோங்க. பைய கொக்கில தொங்கவிட்டா ஊஞ்சல் மாதிரி ஆடி இன்னும் கெடுக்கும், தரைல பாதி படற மாதிரி கட்டுங்க. ஒரு நிமிஷ எக்ஸ்போஷர மறந்துட்டு அரை செகண்ட்ல பத்து எடுங்க, ஒண்ணு நிக்கும். லென்ஸ் மாத்தறது கார் உள்ள மட்டும். உப்ப வறண்ட துணியால தேச்சா கண்ணாடி கீறும், நல்ல தண்ணில நனைச்சு பிழிஞ்ச துணியால ஒத்தி எடுத்துட்டு அப்புறம் துடைங்க, தினம் ராத்திரி பாடி, ட்ரைபாட் கால் மூட்டு எல்லாம். போலரைசர் ஃபில்டர் போட்டு கடல ரொம்ப நீலமாக்காதீங்க, ஏற்கெனவே நம்பமுடியாத நிறம்தான் அது, அதுக்கு மேல ஏத்தினா பொய்யாயிடும். அப்புறம் காத்து நின்னா சந்தோஷப்படாதீங்க, மிட்ஜ்னு கடிக்கிற குட்டிப் பூச்சி வரும்.


உப்புக்காத்து | ஜூன் 24

காத்தெண்டு வந்தபடியால் ஒண்டு சொல்லவேணும். புயல் படம் எடுக்க எண்டு மாரியில கனபேர் வருவினம், "நல்ல புயல் வருமோ" எண்டு ஆசையாக் கேப்பினம். அங்கத்தைச் சனத்திட்ட அப்பிடிக் கேக்காதேங்கோ. 2005 ஜனவரியில வந்த புயலில, தண்ணி வீட்டுக்க வரப்போகுதெண்டு பயந்து காரில வெளிக்கிட்ட ஒரே குடும்பத்தில ஐஞ்சு பேரைக் கடல் கொண்டுபோட்டுது. சின்னப் பிள்ளையளும். நான் போன காலத்தில ஆரும் அதைப் பற்றிப் பெரிசாக் கதைக்கிறேல்லை, ஆனா காத்து எழும்பினா எல்லாரும் ஒருத்தருக்கொருத்தர் ஃபோன் எடுப்பினம். அந்த ஃபோன் சத்தம்தான் எனக்கு அந்தத் தீவு.

ஞாயிறு பற்றியும். தெற்கு யூஸ்ட் பெரும்பாலும் கத்தோலிக்கர், ஞாயிறு பூசைக்குப் பிறகு கலகலப்பா இருப்பினம். வடக்கே லூயிஸ், ஹாரிஸ் பக்கம் போனா ஞாயிறு ஓய்வுநாளைக் கடுமையாக் கடைப்பிடிக்கிற ஆக்கள் இருக்கினம், அண்டைக்கு கமெராவைத் தூக்கிக்கொண்டு வீடுகளுக்குக் கிட்டத் திரியாதேங்கோ. நிலத்தில நடக்க 2003 சட்டப்படி உரிமை இருக்கு, ஆனா அது வீட்டு முற்றத்துக்கும் விதைச்ச வயலுக்கும் இல்லை. கேற்றைத் திறந்தா பூட்டுங்கோ, திறந்து கிடந்தா அப்பிடியே விடுங்கோ.

போகேக்க பிரிண்ட் கொண்டு போங்கோ. ஃபோனில காட்டிறது காணாது. கையில குடுங்கோ.


நிழல்குடை | ஜூன் 25

ஆமா, பிரிண்ட். இத்தனை எழுதினோம், நான் இதத்தான் முதல்ல சொல்லிருக்கணும். போன தடவை எடுத்ததுல நிலப்படத்தையே ஒரு இருபது, ஏ4 சைஸ்ல போட்டு எடுத்துட்டு போங்க. முகம் இல்லாட்டியும் பரவால்ல. நாம "சீனரி"னு பாக்கறத அவங்க எப்படி பாக்கறாங்கனு கேளுங்க. கில்டோனன்ல ஒரு மியூசியம் இருக்கு, ஊர் வரலாற்று சங்கம் நடத்தறது, நல்லா குறிப்பு எழுதின படம்னா அவங்ககிட்டயும் கேட்டுப் பாருங்க. எங்க, எப்ப, யாரு, இது மூணும் இல்லாத படம் அம்பது வருஷம் கழிச்சு அந்த ஊருக்கு பாதிதான் உதவும்.


வெளிச்சம்தேடி | அக்டோபர் 4

வந்துட்டேன். நடந்தத எழுதணும்னு ஃபெர்ரில வரும்போதே ஆரம்பிச்சேன்.

முதல் மூணு நாள் கேமரா பையிலயே. அது இவ்வளவு கஷ்டம்னு நினைக்கல, ரெண்டாம் நாள் சாயங்காலம் மழை விட்டதும் ஒரு வெளிச்சம் வந்துச்சு பாருங்க, கை தானா பைக்கு போச்சு, எடுத்துட்டு அப்படியே உள்ள வச்சேன். நாலாம் நாள் க்வாட் பைக் பெரியவர் தானா நிறுத்தினார். ஜூன்ல வந்த ஆள்தானேனு கேட்டார். ஆமானு சொல்லிட்டு, உங்கள கேக்காம ஒரு படம் எடுத்தேன், அழிச்சுட்டேன், மன்னிக்கணும்னேன். ஏன் அழிச்சேனு கேட்டார்! நாய் நல்லா வந்திருந்துச்சானு கேட்டார்.

சனிக்கிழமை ஆடு அடைக்கிறோம், வந்தா ஒரு கை உதவும்னார். போனேன். ஏழெட்டு வீட்டு ஆளுங்க சேர்ந்து பொது மேய்ச்சல் மலைல இருந்து எல்லா ஆட்டையும் இறக்கி பட்டில அடைச்சு, யாரோடது எதுனு காதுல பாத்து பிரிக்கிறாங்க. என்னை ஒரு கேட்டுக்கிட்ட நிறுத்திட்டாங்க, திறக்க, மூட, அதுதான் வேலை. மூணு மணி நேரம் அதத்தான் பண்ணேன். அப்புறம் ஒரு பொண்ணு வந்து, நான் கேட்ட பாத்துக்கறேன், நீ எடுக்கிறதுன்னா எடுன்னாங்க. அன்னைக்கு எடுத்தது மொத்தம் நாப்பத்தி மூணு படம். 35தான், ரெண்டு அடி தூரத்துல. யாரும் விறைக்கல, ஏன்னா யாருக்கும் என்னை பாக்க நேரம் இல்ல. ஸ்ட்ராண்ட் மாதிரி நேரா பாக்கிற படமும் மூணு பேரு கேட்டு நின்னாங்க, பட்டிச் சுவர்ல சாஞ்சு.

இப்ப பிரிண்ட் கதை. நிழல்குடை அக்கா சொன்ன மாதிரி இருபது கொண்டு போயிருந்தேன். ஒரு சாயங்காலம் பெரியவர் வீட்டுல மேசைல பரப்பினோம். கடற்கரைப் படத்த எல்லாம் சும்மா புரட்டிட்டு போயிட்டார், "நல்லா இருக்கு, நல்லா இருக்கு"னு. பதினாறாவது வந்ததும் கண்ணாடிய எடுத்து மாட்டினார். நான் க்ராப் பண்ண இருந்த அந்தக் கல்லுச்சுவர்ல விரல வச்சார். அது அவர் பாட்டியோட அம்மா பொறந்த வீடாம். அடுப்பு எந்தப் பக்கம் இருந்துச்சு, மாடு எந்தப் பக்கம்னு சொன்னார். அவரும் பாத்தது இல்ல, கேட்டதுதான். அப்புறம் பாத்தி ஒவ்வொண்ணா விரல ஓட்டிட்டு போனார், இந்த வரிசை இந்தக் குடும்பம், அந்த வரிசை அவங்க, இவங்க எல்லாம் கப்பல்ல போயிட்டாங்க. ஓடைக்கு ஒரு பேரு, பாறைக்கு ஒரு பேரு, சின்னப் பள்ளத்துக்கு ஒரு பேரு. மேப்ல நான் பாத்தப்ப அந்த சரிவுல ஒரே ஒரு பேருதான் இருந்துச்சு.

நான் எழுதிக்கறேன்னு நோட்ட எடுத்தேன். உனக்கு எழுத்துக்கூட்ட வராதுனு சொல்லிட்டு பிரிண்ட திருப்பிப் போட்டு அவரே பென்சில்ல படத்த தோராயமா வரைஞ்சு கேலிக்ல பேரெல்லாம் எழுதினார். பதினெட்டு பேரு. ஒண்ணு மட்டும் நினைவு வரல, அக்காவுக்கு ஃபோன் போட்டு கேட்டு எழுதினார்.

ரெண்டு நாள் கழிச்சு அவர் கூடவே அந்த இடத்துக்கு நடந்து போனேன். சாயங்காலம் ஆறரை, வெளிச்சம் பக்கவாட்டுல. அவர் சுவர் உள்ள, அடுப்பு இருந்த இடம்னு சொன்னாரே அங்க நின்னார், நாய் பக்கத்துல, பின்னாடி சரிவு முழுக்க பாத்தி நிழல். நாலு ஃப்ரேம்.


நிழல்குடை | அக்டோபர் 4

படிச்சுட்டு கொஞ்ச நேரம் உக்காந்திருந்தேன். அந்த நாலு ஃப்ரேம எப்ப போடுவீங்க?


வெளிச்சம்தேடி | அக்டோபர் 5

பிரிண்ட் போட்டு அவருக்கும் அக்காவுக்கும் நேத்து தபால்ல அனுப்பிட்டேன். அவங்க பாத்துட்டு சரினு சொன்னதும் இங்க போடறேன். பென்சில்ல எழுதின அந்தப் பிரிண்ட அவர்கிட்டயே விட்டுட்டு வந்துட்டேன், என்கிட்ட இருக்கிறது பின்பக்கத்தோட ஃபோட்டோதான். கில்டோனனுக்கு ஒரு நகல் குடுக்கலாமானு கேட்டதுக்கு, பதினெட்டுல ரெண்டு பேரு எழுத்து சரியானு இன்னொரு கிழவர்கிட்ட கேக்கணும், அவர் ஆஸ்பத்திரில இருந்து வீட்டுக்கு வரட்டும், அப்புறம் குடுப்போம்னு சொல்லிருக்கார். மார்ச்ல குட்டி போடற சமயத்துக்கு முன்னாடி ஒரு வாரம் போறேன். உப்புக்காத்து அக்கா, அந்த நேரம் நாய் பக்கம் எப்படி நடந்துக்கணும்னு கொஞ்சம் எழுதுங்க.


உப்புக்காத்து | அக்டோபர் 5

எழுதிறன் தம்பி. இரவு வேலை முடிஞ்சு வந்து விளக்கமா எழுதிறன். அவருக்கு வேலைக்குப் போடுற நல்ல கையுறை ஒரு சோடி கொண்டு போங்கோ, குட்டி போடுற காலத்தில அது எத்தினை இருந்தாலும் காணாது.